தூண்டில் மாமா

எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு மாமா இருப்பார். காதுகுத்துக்கு மடி கொடுக்க அவர் வேண்டும். சீர் கொண்டுவர அவர் வேண்டும். மற்ற நாட்களில் அவர் பேச்சு வந்தால், "அவரா... அவர் ஒரு தினுசு" என்று சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள்.

சிங்கம்புணரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் இந்த மாமாவுக்கு வயது 81. ஊரின் கிளைத் தபால் நிலையத்தைத் தன் வீட்டுத் திண்ணை அறையிலேயே வைத்து நடத்தி ஓய்வு பெற்றவர். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'போஸ்ட்டு மாமா'. பிள்ளை இல்லை. அத்தை போய் மூன்று வருடம் ஆகிறது. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, சாயங்காலம் நாலு மணிக்குக் கண்மாய்க்குத் தூண்டிலோடு போய்வந்துகொண்டிருந்தார். போன மாதம் கண்மாய்ப் படியில் வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு உடைந்தது.

மாவுக்கட்டு போட்ட செய்தி கேட்டு, கோயம்புத்தூரிலிருந்து மருமகன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்கா மகன். வயது 53. கூடவே கல்லூரியில் படிக்கும் மகள். திருச்சியிலிருந்து தங்கையும் வந்து சேர்ந்தாள்.

"மாமா, நாலு வேட்டி சட்டை எடுத்து வைங்க. நாளைக்குக் காலையில கிளம்புறோம்."

"எங்க?"

"கோயம்புத்தூருக்கு."

"அங்க யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு இங்கதானே சரியில்ல? அங்க எதுக்கு வரணும்?"

மருமகன் தங்கையைப் பார்த்தார். தங்கை கூரையைப் பார்த்தாள்.

"நான் வந்துட்டா கண்மாயை யாரு பாத்துக்குவா?" என்றார் மாமா.

"கண்மாயை கவர்மெண்ட்டு பாத்துக்கும் மாமா."

"கவர்மெண்ட்டுல நானும் இருந்தவன்தான் மாப்ளே. எப்படிப் பாத்துக்கும்னு எனக்குத் தெரியும்."

பேச்சு அதோடு நின்றது. ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தபோதும் யாரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. பேத்திதான் எரவாணத்தில் செருகியிருந்த மூங்கில் கழிகளைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல நிஜமாவே மீன் மாட்டுமா?" என்று கேட்டாள்.

"உங்கப்பனைக் கேளு" என்றார் மாமா.

அப்பன் சிரிக்க ஆரம்பித்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு.

*

மாமாவோடு மீன் பிடிக்கப் போவதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு.

முதல் சட்டம்: கிளம்பும்போது யாரும் "எங்கே?" என்று கேட்டுவிடக் கூடாது. நல்ல காரியத்துக்குப் போகிறவரை 'எங்கே' கேட்டால் காரியம் கெடும் என்பது ஊருக்கெல்லாம் உள்ள பழக்கம்தான். மாமா அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்பவர். யாராவது கேட்டால், நின்ற இடத்திலிருந்து திரும்பி வீட்டுக்கு வந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்.

எதிர்வீட்டுத் திண்ணையில் ஓர் அப்பத்தா. நாலு மணிக்கு வெற்றிலை இடிக்க உட்காருவார்.

"என்னப்பா, எங்க கிளம்பிட்டீக மாமனும் மருமகனும்?"

மாமா திரும்புவார். தண்ணீர். ஐந்து நிமிடம். மறுபடி வாசல்.

"இப்பத்தானே உள்ள போனீக? திரும்ப எங்க?"

மறுபடி தண்ணீர். ஒரு நாள் ஐந்து முறை இப்படி ஆகி, ஆறாவது முறை கிளம்பும்போது பொழுது இருட்டிவிட்டது. இரண்டு பேரும் வயிறு நிறையத் தண்ணீரோடு படுத்துக்கொண்டார்கள்.

இதற்கு அத்தைதான் வழி கண்டுபிடித்தார். நாலு மணிக்குச் சரியாகச் சுடச்சுடப் பணியாரம் சுட்டு எதிர்வீட்டுக்குக் கொண்டுபோவார். அப்பத்தா வாயில் பணியாரம் இருக்கும் நேரம் பார்த்து இவர்கள் இருவரும் நழுவிவிட வேண்டும். "உங்க மாமா பிடிக்கிற ஒவ்வொரு கெண்டைக்கும் எனக்கு ஆறு பணியாரம் செலவு" என்று அத்தை கணக்குச் சொல்வார்.

இரண்டாவது சட்டம்: 'மீன்' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. காது கேட்டுவிடுமாம். 'அவுக' என்றுதான் சொல்ல வேண்டும். "மடைப்பக்கம் அவுக நடமாட்டம் இருக்கு." "கிழக்குக் கரையில அவுகளை ரெண்டு நாளாக் காணோம்." நாளடைவில் இது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. புதிதாக மாற்றலாகி வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முன்னறையில் வாடகைக்கு இருந்தார். ஒரு நாள் காலையில் அத்தை உள்ளிருந்து குரல் கொடுத்தது அவர் காதில் விழுந்தது.

"நேத்து வந்தவுகளைக் குழம்பு வச்சாச்சு. ராத்திரி வந்தவுகளை என்ன செய்யட்டும்?"

"அவுகளை வறுத்துரு. சின்னவுகளா இருந்தா தலையோடவே போட்ரு."

வாத்தியார் அந்த வாரமே வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது சட்டம் ஒன்று கொஞ்ச காலத்துக்கு இருந்தது. மாமா புழு மாட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது. முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு தூண்டிலுக்கும் அவரே மாட்டி, அவரே தண்ணீரில் வீசிவிட்டுத்தான் கழியைக் கையில் கொடுப்பார்.

"ஏன் தாத்தா?" என்றாள் பேத்தி.

"புழுகிட்ட மன்னிப்புக் கேப்பேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

பிறகு எப்போதோ அந்தச் சட்டத்தை அவரே எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

*

கண்மாய்க் கரையில் உட்கார்ந்தாலும் மாமாவின் உத்தியோகம் அவரை விடாது. பிடித்த மீன்களைத் தபால் பிரிப்பதுபோலத்தான் பிரிப்பார்.

விரல் நீளக் குஞ்சு மாட்டினால், "ஸ்டாம்பு பத்தல. அனுப்புனவுகளுக்கே திருப்பு" என்று தண்ணீரில் விட்டுவிடுவார். சின்னக் கெண்டை போஸ்ட்கார்டு. கொஞ்சம் பெரியது இன்லண்ட் லெட்டர். விரால் என்றால் மணியார்டர். "எந்திரிச்சு நில்லு மாப்ளே, கையெழுத்துப் போட்டு வாங்கணும்" என்பார். ஜிலேபிக் கெண்டையை அவருக்குப் பிடிக்காது. 1952-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்ட மீன் அது. இப்போது எந்தக் குளத்தில் தூண்டில் போட்டாலும் முதல் ஆளாக வந்து நிற்கும். மாமா அதற்கு வைத்த பெயர், 'விளம்பர நோட்டீஸ்'.

நண்டு மாட்டினால் தந்தி. "சின்னதா இருக்கும். கடிச்சா ஊரே கூடிரும்" என்பது அவர் விளக்கம். 2013 ஜூலையில் நாடு முழுக்கத் தந்தி சேவையை நிறுத்தியபோது, மாமா கோயம்புத்தூருக்கு அவசரமாகப் போன் செய்தார். மருமகன் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்து பதறிக்கொண்டு வெளியே வந்து எடுத்தார்.

"மாப்ளே, தந்தியை நிறுத்திட்டாங்களாம். இனிமே நண்டை என்னான்னு சொல்றது?"

ஒரு முறை தூண்டிலில் தண்ணிப்பாம்பு ஒன்று சுற்றிக்கொண்டு வந்தது. பையன் அலறி எழுந்து ஓடினான். மாமா நகரவில்லை. "ஓடாத மாப்ளே. அது கோர்ட்டு நோட்டீஸ். கையில வாங்கலைன்னா செல்லாது" என்று சொல்லி, கழியை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு, பாம்பு தானாகப் பிரிந்து போகும்வரை வேறுபக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கெளுத்தி விஷயத்தில் மட்டும் அவருடைய தைரியம் பலிக்கவில்லை. கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் முள் இருக்கும். குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும். "கெளுத்தியைப் பிடிக்கிறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. பாத்துக்க" என்று பாடம் நடத்திக்கொண்டே பிடித்தார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் மடைப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் கரை ஏறிவிட்டன. மறுநாள் தபால் நிலையத்தில் வலது கை வீங்கியிருந்ததால், ஊரில் வந்த கடிதங்களுக்கெல்லாம் இடது கையால் முத்திரை குத்தினார். பாதி முத்திரை மேஜையில்தான் விழுந்தது.

விரால் விஷயம் வேறு. மழைக்குப் பிறகு கோரைப்புல் ஓரத்தில் தண்ணீர் சிவந்து கொதிப்பதுபோல் தெரியும். அத்தனையும் விரால் குஞ்சுகள். செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாய் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குஞ்சுகளுக்குக் கிட்டே எது வந்தாலும் பாயும். அதனாலேயே அதைப் பிடிப்பது சுலபம். கூட்டத்துக்கு நடுவில் ஒரு தவளையைத் தூண்டிலில் ஆட்டினால் போதும்.

ஊரில் இரண்டு இளவட்டங்கள் அப்படி ஆட்ட வந்தபோது, மாமா குடையை விரித்துக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது பிரசவ வார்டு. பாக்குற நேரம் முடிஞ்சுபோச்சு. போயிட்டு வாங்க."

மூன்று நாள் சாயங்காலம் அங்கேயே காவல். தூண்டில் கூடப் போடவில்லை. பையனுக்கு ஆத்திரம். அவ்வளவு பெரிய மணியார்டர் கண்ணெதிரே இருக்கிறது.

"பிடிச்சா என்ன மாமா?"

"பெருசைப் பிடிச்சுட்டா, பொழுது சாயுறதுக்குள்ள இந்தக் குஞ்சுகளை மத்ததுக தின்னுட்டுப் போயிரும் மாப்ளே. காவலுக்கு ஒரு ஆள் வேணும்ல."

*

"துண்டுக் கதையைச் சொல்லுண்ணே" என்றாள் தங்கை.

"அதை மட்டும் விட்ரு ஆத்தா" என்றார் மாமா. அதனால் கட்டாயம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா நடக்கும். சுற்று வட்டாரத்துச் சனமெல்லாம் ராத்திரியே வந்து கரையில் படுத்துவிடும். ஊத்தா, கச்சா, வலை, கூடை, ஒன்றும் கிடைக்காதவர்கள் கொசுவலை என்று ஆளுக்கு ஒன்று கையில் இருக்கும். விடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கரையில் சாமி கும்பிட்டு, வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுதான் அனுமதி. துண்டு வீசாமல் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசியதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் பாயும். பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த வருடம் மழை பெய்து கண்மாய் நிறையும் என்பது நம்பிக்கை.

அந்த வருடம் மாமா கரையில் ஓர் உயரமான கல்லில் ஏறி நின்றுகொண்டிருந்தார். தலையில் புத்தம்புது வெள்ளைத் துண்டு. நூறு அடி தள்ளிப் பெரியவர்கள் சாமிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். தேங்காய் இன்னும் உடைக்கவில்லை.

எங்கிருந்தோ ஒரு குளவி வந்தது.

மாமா தலையை ஆட்டினார். போகவில்லை. கையால் விரட்டினார். போகவில்லை. துண்டை உருவி இரண்டு சுற்றுச் சுற்றி வீசினார்.

"வெள்ளை விழுந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். கரை காலியாகிவிட்டது. அத்தனை பேரும் ஊத்தாவும் வலையுமாகக் கண்மாய்க்குள் விழுந்துவிட்டார்கள். சூடத்தட்டோடு திரும்பிப் பார்த்த பெரியவர்களுக்குக் கரையில் தெரிந்தது ஒரே ஒரு ஆள். கையில் வெள்ளைத் துண்டு. தலைக்கு மேல் குளவி.

"சாமி கும்பிட்டு முடிக்கிறதுக்குள்ள வெள்ளை வீச நீ யாருப்பா?"

"நான் வீசல. குளவியை விரட்டுனேன்."

"எங்கே குளவி?"

குளவி அதற்குள் போய்விட்டிருந்தது.

ஊர்க்கூட்டத்தில், கோயிலுக்கு ஒரு பெரிய விளக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அபராதம் விதித்தார்கள். வாங்கிக் கொடுத்தார். அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிய ஓடியது. மாமா பெரியவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போய், "மழை பெஞ்சுருக்கு. விளக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கிறீகளா?" என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் வெள்ளைத் துண்டு போடுவதில்லை. மருமகன் கல்யாணத்தில்கூடப் பட்டு வேட்டிக்கு மேல் சிவப்புக் கட்டம் போட்ட துண்டோடுதான் மேடையில் நின்றார். போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம்.

பேத்தி சிரித்துச் சிரித்துப் பாயில் சாய்ந்துவிட்டாள். மாமாவும் சிரித்தார். கட்டுப்போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

*

"எல்லாம் சரி" என்றார் மருமகன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா ஆரம்பத்துல மாமாவுக்கு மீனே பிடிக்கத் தெரியாது. நான் முதல்ல போக ஆரம்பிச்சப்ப, ரெண்டு மாசம் தினமும் போயிருக்கோம். ஒரு கெண்டைகூட மாட்டல. ஊரே சிரிச்சுச்சு. போஸ்ட்டு மாமாவுக்குக் கை ராசி போயிருச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க இரக்கப்பட்டு மீன் கொடுத்து விட்டாங்க. இல்லையா மாமா?"

மாமா பதில் சொல்லவில்லை. எரவாணத்துக் கழிகளைப் பார்த்தார்.

"முள்ளே இல்லாம எப்படிண்ணே மாட்டும்?" என்றாள் தங்கை.

"எது?"

"உனக்கு இன்னுமா தெரியாது? அத்தை கடைசிக் காலத்துல என்கிட்டச் சொன்னாக. நீயும் தெரிஞ்சிருப்பேன்னுல நினைச்சேன்."

மருமகன் மாமாவைப் பார்த்தார். மாமா பேத்தியிடம் தண்ணீர் கேட்டார். அவள் எழுந்து போகவில்லை.

அது 1982. மருமகனுக்கு 10 வயது. தங்கைக்கு 8. அப்பா ஒரு நாள் ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா இரண்டு பிள்ளைகளோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். பெண் பிள்ளை அழுதது. பையன் அழவில்லை. பேசவும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். தூங்கச் சொன்னால் தூங்கினான். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அம்மா புதிதாக அழுதார். வந்தவர்கள் பையனையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

மாமா தினமும் நாலு மணிக்குப் பையனைக் கையைப் பிடித்துக் கண்மாய்க்குக் கூட்டிப்போனார். இரண்டு தூண்டில். இரண்டிலும் முள் கிடையாது. நரம்பின் நுனியில் புழுவை நூலால் கட்டி விட்டிருந்தார். அதைப் பையன் பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த மூன்றாவது சட்டம்.

முள் பொட்டலம் அத்தையின் மஞ்சள் டப்பாவுக்குள் இருந்தது.

"ஏன் மாமா?" என்றார் மருமகன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மாமா கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். "முள் போட்டா மீன் மாட்டும். மீன் மாட்டிட்டா வீட்டுக்குக் கிளம்பணும். வீட்டுல அழுதுக்கிட்டு இருந்தாக."

யாரும் பேசவில்லை.

"புழுவைக் கடிக்க அவுக வருவாக. தக்கை ஆடும். நீ பாத்துக்கிட்டே இருப்ப. சொல்ல மாட்ட. நானும் கேக்கல. ஒரு நாள், 'மாமா, தக்கை ஆடுது'ன்னு சொன்ன."

"அன்னைக்கு ராத்திரி அத்தைகிட்ட வந்து, அந்த முள்ளை எடுன்னு கேட்டாராம்" என்றாள் தங்கை. "மஞ்சள் டப்பாவை எடுக்கும்போது அத்தைக்குக் கை நடுங்குச்சாம்."

மருமகன் எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தார். மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார். மாமாவின் கட்டுப்போட்ட கையைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதா மாமா?"

"கெளுத்தி அளவுக்கு இல்ல."

*

காலையில் பெட்டியைக் காரில் வைப்பதற்குப் பதிலாக மருமகன் ஆபீசுக்குப் போன் செய்து, இன்னும் நாலு நாள் லீவு வேண்டும் என்றார். சாயங்காலம் நாலு மணிக்கு எரவாணத்திலிருந்து இரண்டு கழிகளை எடுத்தார்.

எதிர்வீட்டு அப்பத்தா போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்தத் திண்ணையில் இப்போது பேரன் பெண்டாட்டி செல்போனோடு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தி, "என்ன மாமா, எங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டீக?" என்றாள்.

மாமாவும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி உள்ளே போனார்கள். ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்தார்கள்.

கண்மாயில் முக்கால்வாசி தண்ணீர் வற்றிக் கிடந்தது. மாமாவைப் படியில் இறங்கவிடாமல் மேலேயே உட்காரவைத்தார் மருமகன். புழுவை அவரே மாட்டினார். கோயம்புத்தூர் என்ற பேச்சை எடுக்கவில்லை. முதல் நாள் ஒரு போஸ்ட்கார்டு. இரண்டாம் நாள் இரண்டு விளம்பர நோட்டீஸ். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் இருட்டும் நேரத்தில் மாமாவே கேட்டார்.

"மாப்ளே, கோயம்புத்தூர்ல கண்மாய் இருக்கா?"

"கண்மாய்னு சொல்ல மாட்டாங்க மாமா. குளம். உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர்னு நிறைய இருக்கு. எல்லாம் நொய்யல் தண்ணி."

"அவுக இருப்பாகளா?"

"இருப்பாங்க."

மாமா தக்கையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "கட்டுப் பிரிக்கிற வரைக்கும்தான். கட்டுப் பிரிச்ச மறுநாள் என்னைக் கொண்டாந்து விட்ரணும்."

"சரி மாமா."

"எதிர்த்த வீட்டுல யாரும் கேள்வி கேக்கிற ஆளு இருக்கா?"

"அங்க எதிர்த்த வீட்டுல யார் இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது மாமா."

"அப்ப பணியாரச் செலவு இல்ல" என்றார் மாமா.

*

கோயம்புத்தூரில், வீட்டுக்குப் பக்கத்துக் குளக்கரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கடந்து போகிறார்கள். சிவப்புக் கட்டம் போட்ட துண்டோடு ஒரு பெரியவரும், அரைக்கால் சட்டை போட்ட ஒருவரும் ஆளுக்கு ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காவலாளி ஒருவர் விசிலை ஊதிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க பெரியவரே, இங்க மீன் புடிக்கக் கூடாதுங்க. குத்தகைக்கு உட்டிருக்குது."

"யாரு பிடிக்கிறா?" என்றார் மாமா. ஒற்றைக் கையால் கழியைத் தூக்கிக் காட்டினார். நரம்பின் நுனியில் நூலால் கட்டிய ஒரு புழு ஆடியது. முள் இல்லை.

காவலாளி குனிந்து உற்றுப் பார்த்தார். மருமகனின் தூண்டிலையும் பார்த்தார். அதிலும் இல்லை.

"இதுல எப்படிங்க மாட்டும்?"

"மாட்டாது."

"அப்புறம் எதுக்குங்க ரெண்டு பேரும் இப்படி உக்காந்துட்டு இருக்கறீங்க?"

மாமா மருமகனைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ரெண்டு மணி நேரமா இவரு போனைக் கையில எடுக்கல தம்பி. அதுக்குத்தான்."

காவலாளி கொஞ்ச நேரம் நின்றார். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கரையில் ஓரமாக அவரும் உட்கார்ந்தார்.

"மாமா" என்றார் மருமகன், தண்ணீரைப் பார்த்தபடி. "தக்கை ஆடுது."